தன் எடைப் பிரிவை ஆண்டவர் யார்?

என்னிடம் உயர்தரத்துக்குக் கணிதம் படித்துவிட்டு இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சேர், எம்.எம்.ஏ. (கலப்புத் தற்காப்புக் கலை) வீரர்களில தன்ர எடைப் பிரிவை ஆகக்கூட ஆண்டவர் ஆர் எண்டு எப்பிடி வரிசைப்படுத்திறது? எங்கட பெடியள் எல்லாம் கபீப் எண்டு நிக்கிறாங்கள். ரெண்டு பேர் ஜோன் ஜோன்ஸ் எண்டுறாங்கள். பட்டத்தைத் தக்கவைச்ச தடவையை எண்ணிப் பாத்தா டெமட்ரியஸ் ஜோன்சன்தான் மேல நிக்கிறார். எதை நம்புறது?"

முதலில் என் வரிசையைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. வெல்டர்வெயிட்டில் (170 இறாத்தல்) ஜோர்ஜ் சென் பியேர் முதலாவது. பிளைவெயிட்டில் (125) டெமட்ரியஸ் ஜோன்சன் இரண்டாவது. இந்த இருவருக்கும் இடையில் இருப்பது நூலளவு. மிடில்வெயிட்டில் (185) அன்டர்சன் சில்வா மூன்றாவது, லைட் ஹெவிவெயிட்டில் (205) ஜோன் ஜோன்ஸ் நாலாவது, லைட்வெயிட்டில் (155) கபீப் நுர்மகொமெடோவ் ஐந்தாவது. பெடியள் கோவிப்பார்கள், தெரியும். கபீப்பைக் கடைசியில் வைத்து விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் ஊரில் காணி வாங்கப் போகிறவர் தெருப்பக்க அகலத்தை மட்டும் பார்த்து விலை பேசமாட்டார். உள்ளுக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று நடந்து பார்த்து, எத்தனை பரப்பு என்றுதான் கேட்பார். ஒரு வீரரின் ஆதிக்கத்தையும் நான் பரப்பாகத்தான் அளக்கிறேன். ஒரு பக்கம், அவருக்கும் அந்தப் பிரிவின் இரண்டாவது ஆளுக்கும் இடையில் இருந்த தூரம். மற்றப் பக்கம், அந்தத் தூரத்தை அவர் எத்தனை வருடம் குறையவிடாமல் வைத்திருந்தார் என்பது. தூரம் பெரிதாக இருந்து காலம் குறுகினால் பரப்புக் குறையும். காலம் நீண்டு, ஒவ்வொரு சண்டையும் தப்பினோம் பிழைத்தோம் என்று முடிந்திருந்தாலும் குறையும்.

எடைப் பிரிவுக்குள் என்று கேட்டபடியால் சில பெரிய வெற்றிகளை வெளியே வைக்க வேண்டும். சில்வா யூ.எப்.சி.யில் (எம்.எம்.ஏ.யின் ஆகப் பெரிய போட்டி அமைப்பு) தொடர்ந்து 16 சண்டைகளை வென்றார். அதில் ஜேம்ஸ் ஏர்வின், பொரஸ்ட் கிரிபின், ஸ்டீபன் பொனர் ஆகிய மூவரையும் வென்றது 205 இறாத்தலில். அவரது சொந்தப் பிரிவு 185. ஆகவே நம் கணக்கில் 13. சென் பியேர் 2017 நவம்பரில் மைக்கல் பிஸ்பிங்கிடமிருந்து பறித்த மிடில்வெயிட் பட்டம், ஜோன்ஸ் 2023 மார்ச்சில் சிறில் கானை வென்று எடுத்த ஹெவிவெயிட் பட்டம் எல்லாம் பெருமைக்குரியவை. இந்தக் கேள்விக்கு அவை தேவையில்லை.

பட்டத்தை எத்தனை தடவை தக்கவைத்தார் என்று எண்ணுவதுதான் எல்லாரும் முதலில் செய்வது. ஜோன்சன் 11, சில்வா 10, சென் பியேர் 9, ஜோன்ஸ் முதல் ஆட்சியில் 8. பார்க்க நல்ல வரிசை. ஆனால் இந்த எண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்று ஒருக்கால் திறந்து பாருங்கள். 2007 பெப்ரவரியில் சில்வா, ட்ராவிஸ் லட்டரைத் தோல்வியை ஒப்புக்கொள்ள வைத்தார். அது பட்டச் சண்டையாக அறிவிக்கப்பட்டது. முதல்நாள் நிறை பார்த்தபோது லட்டர் 185க்கு இறங்கவில்லை, அதனால் பட்டம் இல்லாத சண்டையாக மாறிவிட்டது. அதே கூண்டு, அதே இருவர், அதே முடிவு. கணக்கில் மட்டும் 11 ஆகவேண்டியது 10. லட்டரின் தராசு சில்வாவின் ஆதிக்கத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது அல்லவா? பட்டச் சண்டையில் 155 என்றால் 155தான். மற்றச் சண்டைகளில் ஒரு இறாத்தல் சலுகை உண்டு. 2022 மே மாதம் சார்ல்ஸ் ஒலிவெய்ரா அரை இறாத்தல் கூடியதால் லைட்வெயிட் பட்டத்தையே தராசில் இழந்தார். அடுத்தநாள் ஜஸ்டின் கேத்ஜியை முதல் சுற்றிலேயே மடக்கினார். பட்டத்தை மட்டும் எண்ணுகிறவரின் கொப்பியில் அந்த வெற்றிக்கு இடமில்லை.

ஹெவிவெயிட்டைப் பாருங்கள். யூ.எப்.சி. வரலாற்றில் அந்தப் பட்டத்தைத் தொடர்ந்து மூன்று தடவைக்கு மேல் எவரும் தக்கவைத்ததில்லை. ஸ்டீப்பே மியோசிச் 2018 ஜனவரியில் பிரான்சிஸ் நகானுவை ஐந்து சுற்றும் அடக்கித்தான் அந்த மூன்றாவதைத் தொட்டார். 265 இறாத்தல் வரை போகும் மனிதர்கள், கையில் நாலு அவுன்ஸ் கையுறை. ஒரு குத்துச் சரியாக விழுந்தால் போதும். அங்கே மூன்றும் பிளைவெயிட்டில் மூன்றும் ஒன்றல்ல. ஒவ்வொரு பிரிவையும் அந்தப் பிரிவின் சொந்த வரலாற்றோடு ஒப்பிட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

சரி, இரண்டாவது ஆள் எவ்வளவு தூரத்தில் நின்றார் என்பதை எப்படி அளப்பது?

சித்திரை வருடப்பிறப்புக்குப் போர்த்தேங்காய் அடிக்கிற இடத்தில் நின்றிருந்தால் இது உடனே விளங்கும். ஒருவர் தன் தேங்காய் பத்துத் தேங்காயை உடைத்தது என்று பெருமையாகச் சொல்வார். அங்கே நிற்கிற வயதான ஐயா ஒருவர், "அது உடைச்ச காய் என்ன காய்?" என்று கேட்பார். மெல்லிய ஓட்டுக் காய் பத்தை உடைத்ததும், அதுவரை எவராலும் உடைக்க முடியாமல் இருந்த ஒரு காயை உடைத்ததும் ஒன்றாகாது என்று அவருக்குத் தெரியும். நான் செய்வதும் அதேதான். தோற்றவருடைய சண்டைப் பட்டியலை எடுத்து, அதில் சம்பியனோடு நடந்த சண்டைகளைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மிச்சத்தைப் பார்ப்பேன். மிச்சம் தோல்வியில்லாமல் எவ்வளவு சுத்தமாக இருக்கிறதோ, சம்பியனின் வெற்றிக்கு அவ்வளவு பெறுமதி.

ஜோசப் பெனவிடெஸ் இதற்குச் சரியான ஆள். 2018 ஜூன் வரைக்கும் அவரது வாழ்க்கையில் மொத்தம் நாலே தோல்வி. இரண்டு டொமினிக் குரூஸிடம். அது 135 இறாத்தலில். மற்ற இரண்டும் டெமட்ரியஸ் ஜோன்சனிடம். ஜோன்சனோடு நடந்ததைப் பட்டியலில் அடித்துவிட்டுப் பார்த்தால், 125 இறாத்தலில் அத்தனை வருடமும் பெனவிடெஸ் தோற்கவே இல்லை. ஜோன்சன் என்ற ஒருவர் பிறக்காமல் இருந்திருந்தால் அந்தப் பிரிவின் மன்னர் அவர்தான். அப்படிப்பட்டவரை ஜோன்சன் 2012 செப்டெம்பரில் நடுவர்களின் பிரிந்த தீர்ப்பில் (மூவரில் இருவர் மட்டும் அவர் பக்கம்) வென்று முதல் பிளைவெயிட் சம்பியன் ஆனார். 2013 டிசம்பரில் திரும்பச் சந்தித்தபோது முதல் சுற்றிலேயே வலது கையால் விழுத்தினார். 15 மாதத்தில் இடைவெளி எவ்வளவு அகன்றது என்று பாருங்கள்.

பிளைவெயிட்டில் ஆளில்லை, வெறும் பிரிவு என்று சொல்கிறவர்களுக்கு நான் எப்போதும் காட்டும் பெயர்கள் இவை: பெனவிடெஸ், 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் மல்யுத்தத் தங்கம் வென்ற ஹென்றி செஹுடோ, பிற்காலத்தில் ஒரு பிரிவு மேலே போய் ஜப்பானில் சம்பியனான கியோஜி ஹோரிகுச்சி. செஹுடோவை ஜோன்சன் 2016 ஏப்ரலில் முழங்காலால் முதல் சுற்றிலேயே முடித்தார். ஹோரிகுச்சியை 2015இல் ஐந்தாம் சுற்றின் 4 நிமிடம் 59ஆவது செக்கனில் கைப்பூட்டுப் போட்டுத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வைத்தார். ஒரு செக்கன் விட்டிருந்தாலும் நடுவர் தீர்ப்பில் அவர்தான் வென்றிருப்பார். நான்கு சுற்றும் கையிலிருக்கிற ஒருவர் கடைசிச் செக்கனிலும் பூட்டைத் தேடுகிறார்.

ஆனாலும் அந்தப் பிரிவு 2012இல்தான் யூ.எப்.சி.யில் தொடங்கியது, வரிசையில் நின்றவர்கள் குறைவு என்பது உண்மை. ஆறாவது, ஏழாவது இடத்தில் நின்றவர்களுக்கும் பட்டச் சண்டை கிடைத்தது. அந்த நூலளவு அங்கேதான் வருகிறது.

2017 ஒக்டோபரில் ரே போர்க்கோடு நடந்த சண்டையின் முடிவை எழுதாமல் என்னால் மேலே போகமுடியாது. அமெரிக்காவில் சனி இரவு என்றால் எங்களுக்கு ஞாயிறு காலமை. அன்றைக்கு முக்கியச் சண்டைகள் ஏழரை மணிக்குத் தொடங்கின. வீட்டில் பாண் வெட்டி வைத்தது வைத்தபடி கிடக்க, நான் தொலைபேசியை மேசை விளிம்பில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் சுற்று. ஜோன்சன் பின்னால் நின்று போர்க்கின் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஆளை அப்படியே மேலே தூக்கினார். வழமையாக அந்த இடத்தில் தூக்கினவர் எறிவார், எறிந்தவர் மேலே போய் விழுவார், அவ்வளவுதான். இவர் போர்க் அந்தரத்தில் இருக்கும்போதே இடுப்புப் பிடியை விட்டுக் கைக்கு மாறினார். போர்க்கின் முதுகு தரையைத் தொட்டபோது அவரது கை ஏற்கெனவே ஜோன்சனின் இரண்டு கால்களுக்கு நடுவில் பூட்டுக்குள் இருந்தது. கண்ணை மூடித் திறக்கிற நேரம். நான் அதை ஐந்தாறு தடவை பின்னுக்கு இழுத்துப் பார்த்தபிறகுதான் கை எங்கே மாறியது என்று கண்டுபிடித்தேன். அது தொடர்ந்து 11ஆவது தடவை பட்டத்தைத் தக்கவைத்த சண்டை. இன்றுவரை யூ.எப்.சி. சாதனை அதுதான்.

சென் பியேரை ஏன் இவருக்கும் மேலே வைக்கிறேன்? 2012 வரைக்கும் என் வரிசையில் சில்வாதான் முதலாவது. சுற்றுகளை எண்ணத் தொடங்கினபிறகு மாற்றினேன். என்னிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. இடது பக்கம் சண்டை, வலது பக்கம் ஒவ்வொரு சுற்றும் யாருக்கு, எவ்வளவு. யூ.எப்.சி.யில் சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9. ஒருவர் மிகத் தெளிவாக நசுக்கினால் மற்றவருக்கு 8. பட்டச் சண்டை ஐந்து சுற்று. ஐந்தையும் வழமைபோல் வென்றால் 50க்கு 45. அதற்குக் கீழே எண் போகப்போக, எதிராளி எத்தனை சுற்றில் நசுங்கினார் என்று தெரியும்.

2008 ஓகஸ்டில் மினியாபொலிஸில் சென் பியேரும் ஜோன் பிட்சும் மோதினார்கள். பிட்ச் அதற்குமுன் யூ.எப்.சி.யில் தொடர்ந்து எட்டுச் சண்டை வென்று, ரொய்ஸ் கிரேசியின் சாதனையைச் சமன் செய்திருந்தவர். நடுவர்கள் மூவரும் போட்ட புள்ளி 50–43, 50–44, 50–44. முதலாவது நடுவரின் கணக்கில் இரண்டு சுற்று 10–8. பிட்ச் அங்கே சும்மா நிற்கவில்லை; விழுந்து விழுந்து எழும்பினார், வீங்கின கண்ணோடு முன்னுக்கு வந்துகொண்டே இருந்தார். அப்படிப்பட்டவரைத்தான் இப்படி வென்றார். இனி என்னைப்போல் பட்டியலில் கோடு போட்டு அடிக்கிற வேலையைச் செய்யுங்கள். சென் பியேரோடு நடந்ததை எடுத்துவிட்டால், பிட்ச் 2005இலிருந்து 2010 முடியும்வரை யூ.எப்.சி.யில் யாரிடமும் தோற்கவில்லை. பெனவிடெஸின் கதையேதான், பிரிவு மட்டும் இன்னும் ஆழமானது.

அடுத்தது ஜோஷ் கொஸ்செக். அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் 2001ஆம் ஆண்டின் தேசிய சம்பியன். சென் பியேர் பள்ளிக்கூடத்தில் மல்யுத்தம் செய்தவரே அல்லர். கியோகுஷின் கராத்தேயிலிருந்து வந்தவர். அந்தக் கொஸ்செக்கை 2007இல் மல்யுத்தத்தாலேயே கீழே கொண்டுபோய் வென்றார். 2010 டிசம்பரில் மொன்றியலில் திரும்ப மோதியபோது இடது கையின் நேர்க்குத்து ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஐந்து சுற்றும் அடித்தார். கொஸ்செக்கின் வலது கண் முதல் சுற்றிலேயே மூடத் தொடங்கியது. கண்குழி எலும்பு உடைந்துபோயிருந்தது. மூன்று நடுவரும் 50–45. எதிராளியின் சொந்தக் கலையிலேயே ஒருதடவை, அதைத் தொடாமல் இன்னொருதடவை. இடைவெளி என்றால் இதுதான் என்று நான் வகுப்பில் படம் போட்டுக் காட்டாத குறை.

2007 ஓகஸ்டிலிருந்து 2013 நவம்பர்வரை வெல்டர்வெயிட்டில் தொடர்ந்து 12 வெற்றி. இரண்டாவது தடவை பட்டம் எடுத்தபிறகு தக்கவைத்த ஒன்பதில் பி.ஜே. பென்னோடு நடந்தது மட்டுமே ஐந்து சுற்றுக்கு முன் முடிந்தது. அதில் பென்னின் பக்கத்தார் நாலாம் சுற்றுக்குப்பிறகு சண்டையை நிறுத்தினார்கள். மற்ற எட்டும் நடுவர் தீர்ப்பு. இதைத்தான் சிலர் குறையாகச் சொல்வார்கள்: முடிக்கவில்லையே, சில்வா பத்தில் எட்டை முடித்தாரே, ஜோன்சன் பதினொன்றில் ஏழை முடித்தாரே என்று. நியாயமான கேள்விதான். முடிப்பது பார்க்க அழகு, ஆபத்தையும் உடனே வெட்டிவிடுகிறது. ஆனால் 25 நிமிடம் ஒரே ஆளுக்கு முன்னால் நின்று, ஒரு சுற்றைக்கூடக் கொடுக்காமல் இருப்பதற்கு எவ்வளவு தொடர்ச்சியான மேலாண்மை வேண்டும் என்று கூண்டுக்குள் மூன்று நிமிடம் நின்றவனுக்குத் தெரியும். ஒரு குத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடமுண்டு. ஐந்து சுற்றில் அது மிகக் குறைவு.

அவர் பக்கத்தில் கறை இல்லையா? உண்டு. 2007 ஏப்ரலில் மட் செரா அவரை முதல் சுற்றில் விழுத்தியது இந்த விளையாட்டின் மிகப் பெரிய அதிர்ச்சிகளில் ஒன்று. நான் அதை மறைக்கமாட்டேன். பரப்பை அதற்குப் பின்னாலிருந்து அளக்கிறேன். ஒரு வருடம் கழித்து மொன்றியலில் செராவை இரண்டாம் சுற்றில் முடித்தார். வாழ்நாளில் தோற்றது இரண்டே பேரிடம், செராவும் மட் ஹியூஸும். இருவரையும் பிறகு வென்றார். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப்பிறகு 2012இல் திரும்பி வந்த இரவில் கார்லோஸ் கொண்டிட்டின் கால் தலையில் பட்டு விழுந்தார், எழும்பினார், சண்டையை வென்றார். வெல்டர்வெயிட்டில் கடைசிச் சண்டையில் ஜோனி ஹென்றிக்ஸை வென்றது பிரிந்த தீர்ப்பு. நான் உட்படப் பலரும் அதை ஹென்றிக்ஸுக்குத்தான் கொடுத்தோம். என் கொப்பியில் அந்த வரி சென் பியேரின் பரப்புக்கு எதையும் சேர்க்கவில்லை. அதற்கு முந்தியதே முதலாவது இடத்துக்குக் காணும்.

சில்வாவைப் பற்றிச் சுருக்கமாக. 2006 ஒக்டோபரிலிருந்து 2013 ஜூலைவரை, 2,457 நாள், யூ.எப்.சி.யில் இடைவெளியில்லாமல் அதிக நாள் பட்டம் வைத்திருந்தவர் அவர். உச்சத்தில் அவருக்கும் எதிராளிக்கும் இருந்த தூரத்தைப் போல வேறெங்கும் நான் கண்டதில்லை. ரிச் பிராங்ளினைக் கழுத்தில் கட்டிக்கொண்டு முழங்காலால் அடித்த அடி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் 2010 ஓகஸ்டில் சேல் சொனன் நாலு சுற்று முழுதாக மேலே கிடந்து அடித்தார். ஐந்தாவதில், இரண்டு நிமிடத்துக்குக் குறைவாக இருக்கும்போது, கீழே கிடந்தபடியே சில்வா கால்களால் கழுத்தை இறுக்கும் முக்கோணப் பூட்டுப் போட்டார். வீரத்துக்கு அது பெரிய சாட்சி. ஆதிக்கத்துக்கு அதே சண்டை எதிர்ச் சாட்சி. பின்னால் சொனன் ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கினார் என்பதையும் சொல்லவேண்டும். அதனால் அந்த நாலு சுற்றை நான் அரைவாசியாகத்தான் கழிக்கிறேன். மற்றது, பற்றிக் கொட்டே, தாலேஸ் லெய்ட்டெஸ் போன்றவர்களின் பட்டியலில் அடித்துவிட்டுப் பார்த்தாலும் மிச்சம் சுத்தமாக வராது.

ஜோன்ஸைப் பற்றி எழுதும்போது எனக்கு மனம் கனக்கும். 2011 மார்ச்சில் 23 வயதில் ஷோகன் ருவாவை வென்று, யூ.எப்.சி.யின் ஆக இளைய சம்பியன் ஆனார். அதிலிருந்து 2012 செப்டெம்பர்வரை அவர் வென்ற ஐந்து பேரும், ருவா, ரம்பேஜ் ஜாக்சன், லியோட்டோ மச்சிடா, ரஷாட் எவன்ஸ், விட்டோர் பெல்போர்ட், ஒவ்வொருவரும் அதே பட்டத்தை முன்பு வைத்திருந்தவர்கள். எதிராளிகளின் தரத்தை மட்டும் பார்த்தால் அந்த 18 மாதத்துக்கு நிகர் இல்லை. அவரது ஒரே தோல்வி 2009இல் மட் ஹமிலோடு. அதுவும் முழங்கையை மேலிருந்து நேர்கீழாக இறக்கினார் என்று தகுதி நீக்கினார்கள். ஹமில் எழும்ப முடியாமல் கிடந்தார். அந்த முழங்கை அடிக்கான தடையே 2024 நவம்பரில் எடுக்கப்பட்டுவிட்டது. அந்தத் தோல்வியை நான் கணக்கில் எடுப்பதே இல்லை.

ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சான் 2013 செப்டெம்பரில் அலெக்சாண்டர் குஸ்டாப்சனோடு நடந்த சண்டையை நேரே போய்ப் பார்த்தவர். "மச்சான், நாலாம் சுற்று நடுவில ஜோன்ஸ் முடிஞ்சார் எண்டுதான் நினைச்சனான், பக்கத்தில நிண்ட சனமும் எழும்பிட்டுது," என்று அன்றைக்கே எடுத்துச் சொன்னார். அதே சுற்றின் கடைசியில் ஜோன்ஸ் சுழன்று அடித்த முழங்கை எல்லாவற்றையும் மாற்றியது. 48–47, 48–47, 49–46. ஒரு ஆதிக்கக்காரருக்கு இப்படி ஒரு சண்டை வரலாம். ஆனால் 2017 ஜூலையில் டானியல் கோர்மியரை விழுத்திய வெற்றி, ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கியதால், வெற்றி தோல்வி இல்லாத சண்டையாக மாற்றப்பட்டது. 2015இல் பட்டம் பறிக்கப்பட்டதும் கூண்டுக்கு வெளியே நடந்ததால். திரும்பி வந்தபிறகு தியாகோ சன்டோஸோடு பிரிந்த தீர்ப்பு, டொமினிக் ரெயெஸோடு இன்றும் வாக்குவாதம் நடக்கிற தீர்ப்பு. நீளமும் அறுந்தது, அகலமும் சுருங்கியது. மருந்தை மன்னித்துவிட்டு அவரை முதலாவதாக வைக்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. நான் வைக்கமாட்டேன்.

பெண்கள் பிரிவிலும் இதே அளவுகோல்தான். ரொண்டா ரௌசி ஆறு தடவை பட்டத்தைத் தக்கவைத்து, ஆறையும் முடித்தார். அலெக்சிஸ் டேவிஸ் 16 செக்கன், கற் சிங்கானோ 14 செக்கன், பெத் கொரேயா 34 செக்கன். எதிராளிகளோடு இருந்த தூரம் பயங்கரம், காலம் மூன்று வருடத்துக்குள். 125 இறாத்தலில் வலன்டினா செவ்சென்கோ 2018 டிசம்பரில் பட்டத்தை எடுத்து ஏழு தடவை தக்கவைத்து, 2023இல் அலெக்சா கிராசோவிடம் இழந்து, 2024இல் திரும்ப எடுத்தார். பெண்களில் பரப்பு என்று கேட்டால் நான் செவ்சென்கோவைச் சொல்வேன்.

கணிதம் படித்த தம்பி என்பதால் ஈலோ முறையைக் கேட்பார் என்று தெரியும். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகம் படிப்பித்த அர்பாட் ஈலோ சதுரங்கத்துக்காக உருவாக்கியது. சர்வதேச சதுரங்கச் சம்மேளனம் 1970இல் ஏற்றுக்கொண்டது. இருவருக்கும் 400 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே நிற்பவருக்குப் பத்துக்கு ஒன்று சாதகம். எதிர்பார்த்தபடி வென்றால் கொஞ்சம் கூடும், எதிர்பாராமல் தோற்றால் நிறையக் குறையும். ஒரு பிரிவுக்குள் முதலாம், இரண்டாம் ஆளுக்கு இடையிலான இடைவெளியை மாதம் மாதமாக வரைந்து பார்க்க இது நல்ல கருவி. அந்தக் கோட்டுக்குக் கீழே வருகிற பரப்புத்தான் நான் சொல்கிற பரப்பு, தொகையீடு நினைவிருக்கும்தானே. சிக்கல் ஒன்று உண்டு. சதுரங்க வீரர் வருடத்துக்கு எத்தனையோ ஆட்டம் ஆடுவார். இவர்கள் வருடத்துக்கு இரண்டு, மூன்று சண்டை. அதோடு 50–43 வெற்றியும் ஹென்றிக்ஸ் சண்டை மாதிரியான வெற்றியும் ஈலோவுக்கு ஒன்றுதான். அதனால்தான் நான் சுற்றைக் கையால் எண்ணுகிறேன்.

இனிக் கபீப். பெடியள் சொல்வது வெறும் அபிமானம் இல்லை. 29 சண்டை, 29 வெற்றி, யூ.எப்.சி.யில் 13க்கு 13. 2018 ஒக்டோபரில் கொனர் மக்கிரெகரோடு மூன்றாம் சுற்றை இழக்கும்வரை அங்கே நடுவர்களிடம் அவர் ஒரு சுற்றையும் இழந்ததில்லை. எட்சன் பார்போசாவோடு மூன்று சுற்றில் 30–25, 30–25, 30–24. ஆயிரம் குத்தைவிட அந்த 24 எனக்கு அதிகம் சொல்கிறது. பட்டத்தைத் தக்கவைத்த மூன்றையும், மக்கிரெகர், டஸ்டின் போரியே, ஜஸ்டின் கேத்ஜி, மூவரையும் கழுத்தில் பிடித்து முடித்தார். அதுவும் லைட்வெயிட்டில், ஆண்கள் பிரிவுகளில் ஆக நெரிசலான இடத்தில். தூரத்தை மட்டும் அளந்தால் அவர் சென் பியேருக்குப் பக்கத்தில் நிற்பார். மேலே நின்றாலும் நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் என் கொப்பியில் அவரது பக்கத்தில் 2014 ஏப்ரலுக்கும் 2016 ஏப்ரலுக்கும் நடுவில் ஒரு வரியும் இல்லை. காயங்கள். ரபாயெல் டொஸ் அன்ஜோஸை மூன்று சுற்றும் வென்று போனவர் வீட்டில் இருக்க, அதே டொஸ் அன்ஜோஸ் 2015இல் சம்பியன் ஆனார். கபீப் பட்டம் எடுத்தது 2018 ஏப்ரலில், கடைசிச் சண்டை 2020 ஒக்டோபரில். இரண்டரை வருடம்.

அதைவிடப் பெரிய வெற்றிடம் இரண்டாவது ஆள். அந்த வருடங்களில் லைட்வெயிட்டின் இரண்டாவது ஆள் யார் என்று கேட்டால் டோனி பெர்குசன். 2013இலிருந்து 2019வரை தொடர்ந்து 12 வெற்றி. இருவரையும் ஐந்து தடவை சண்டைக்குப் பதிந்தார்கள். 2015இல் கபீப்புக்குக் காயம். 2016இல் பெர்குசனுக்கு நுரையீரலில் பிரச்சினை. 2017இல் கபீப் நிறை குறைக்கும்போது வைத்தியசாலைக்குப் போகவேண்டி வந்தது. 2018இல் பெர்குசன் ஒரு கேபிள் வயரில் தடக்கி முழங்காலில் காயப்பட்டார். 2020 ஏப்ரலில் கொரோனா. பிறகு அந்த மே மாதம் கேத்ஜி பெர்குசனை ஐந்தாம் சுற்றில் நிறுத்தினார். ஒக்டோபரில் கபீப் அதே கேத்ஜியை இரண்டாம் சுற்றில் மயங்கவைத்தார். இதை வைத்துச் சுற்றிவளைத்துக் கணக்குப் போடலாம், பெடியள் போடுவார்கள். நானும் போட்டுப் பார்த்தேன். அது பிட்ச் சண்டை மாதிரி, பெனவிடெஸ் சண்டை மாதிரி, எழுதி வைக்கக்கூடிய ஒரு வரியாக வரவில்லை. அதனால் ஐந்தாவது.